ரத்தத்தோடு வரும் இரும்பு

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று பட்டினம் பட்டினமாகக் கடந்து தெற்கே போனால், புதுக்கோட்டை மாவட்டம் முடியப் போகிற இடத்தில் மீமிசல் வரும். பாக் நீரிணையின் கரையில் உள்ள ஊர். அதிகம் ஆர்ப்பரிக்காத கடல். மீனும் இறாலும் நண்டும் அந்தக் கரைக்குச் சோறு போடுகின்றன.

அங்கே ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "பையன் வெளிறிப் போயிருக்கிறான், உடம்பில் ரத்தம் இல்லை என்கிறார் டாக்டர்" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த நிமிஷமே அப்பத்தாமார் வைத்தியம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். "முருங்கைக் கீரையை ஆய்ந்து நெய்யிலே வதக்கிக் கொடு" என்பார் ஒருவர். "ஆட்டுச் சுவரொட்டி வாங்கிச் சுட்டுக் கொடு, ஒரே வாரத்தில் முகம் சிவந்துவிடும்" என்பார் இன்னொருவர். "பேரீச்சம்பழத்தைத் தேனிலே ஊறப் போடேன்" என்பார் மூன்றாமவர். மீமிசல் என்ன, மயிலாப்பூரிலும் இதே வைத்தியம்தான். சுவரொட்டி ஒன்றைத் தவிர!

அவர்கள் சொல்வதில் தவறு ஒன்றும் இல்லை. நம் நாட்டில் ரத்த சோகைக்குப் பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவே காரணம். கீரையும் ஈரலும் இரும்பு மாத்திரையும் அதற்கு ஏற்றவை.

ஆனால், சில குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களும் வெளிறித்தான் இருப்பார்கள். அவர்களுக்கும் ரத்தம் இல்லைதான். என்றாலும் அவர்கள் உடம்பில் இரும்பு குறைவாக இல்லை. மிதமிஞ்சி இருக்கிறது! வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகிற அந்த இரும்புதான் அவர்களுடைய உயிருக்கு எமன். இன்னும் விசித்திரம், அந்த இரும்பு அவர்களுக்கு உயிர் கொடுக்கிற ரத்தத்தின் வழியாகவே உள்ளே வருகிறது.

அந்தக் குழந்தைகளைப் பற்றியும், அந்த இரும்பை வெளியேற்றும் வழி பற்றியும்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். மீமிசலில் இந்த நோய் அதிகம் என்று யாரும் பயந்துவிட வேண்டாம். இது எந்த ஊரிலும் எந்த வீட்டிலும் எட்டிப் பார்க்கக் கூடியது. ஆயினும் இந்தக் கதையில் கடலும் வருகிறது, நண்டும் வருகிறது. ஆகவேதான் ஒரு கடற்கரை ஊரிலிருந்து தொடங்கினேன்.

கடலின் பெயர் கொண்ட நோய்

1925-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் தாமஸ் கூலி என்ற குழந்தை வைத்தியர் ஒரு புதுமாதிரியான ரத்த சோகையைப் பற்றி எழுதினார். குழந்தை பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. சில மாதங்களில் வெளிறத் தொடங்குகிறது. மண்ணீரல் வீங்கி வயிறு பெருக்கிறது. கன்னத்து எலும்பும் நெற்றி எலும்பும் புடைத்து முகமே மாறுகிறது. அத்தகைய குழந்தைகளில் பலர், மத்தியதரைக் கடலோரத்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர், கிரேக்கர் முதலியோரின் பிள்ளைகளாக இருந்தார்கள். ஆகவே 1932-ல் விப்பிள், பிராட்போர்டு என்ற இரு டாக்டர்கள் அந்த நோய்க்குக் கடலின் பெயரையே சூட்டினார்கள். கிரேக்க மொழியில் 'தலஸா' என்றால் கடல். 'ஹைமா' என்றால் ரத்தம். இரண்டும் சேர்ந்து 'தலசீமியா' ஆயிற்று.

பெயர் வைத்த பிறகுதான் தெரிந்தது, இது அந்த ஒரு கடலுக்கு மட்டும் சொந்தமான நோய் அல்ல என்பது. அரபு நாடுகள், இந்தியா, இலங்கை, பர்மா, தாய்லாந்து என்று மலேரியா ஆண்ட பூமி எங்கும் அது இருந்தது. 1938-லேயே கல்கத்தாவில் ஒரு குழந்தைக்கு இந்த நோய் இருப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். மலேரியாவுக்கும் இதற்கும் என்ன உறவு? தலசீமியாவின் குறையைப் பாதி அளவு மட்டும் உடம்பில் சுமப்பவர்களை மலேரியா அவ்வளவாக வாட்டுவதில்லை. அதனால்தான் அந்தக் குறை பரம்பரை பரம்பரையாக அழியாமல் நிலைத்தது என்று 1949-ல் ஊகித்துச் சொன்னவர் விஞ்ஞானி ஹால்டேன். பிற்காலத்தில் இந்தியாவுக்கே வந்து குடியேறி, இந்தியப் பிரஜையாகி, 1964-ல் புவனேசுவரத்தில் காலமானாரே, அவரேதான்.

நோயின் மூலம் இது: ரத்தத்தின் சிவப்பு நிறத்துக்குக் காரணமான ஹீமோகுளோபின் என்ற பொருளுக்கு இரண்டு வகைச் சரடுகள் வேண்டும். அவற்றில் ஒரு வகைச் சரடு இந்தக் குழந்தைகளுக்குச் சரியாக உற்பத்தி ஆவதில்லை. சாதாரணமாகச் சிவப்பணு ஒன்று 120 நாள் வாழும். இவர்களுக்கோ, எலும்பு மஜ்ஜையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பெரும்பாலான அணுக்கள் அழிந்துபோகின்றன.

ஆகவே, பிறர் கொடுக்கும் ரத்தத்தை ஏற்றித்தான் இவர்கள் வாழ வேண்டும். இரண்டு முதல் ஐந்து வாரங்களுக்கு ஒரு முறை, ஆயுள் முழுவதும்! ஒழுங்காக ரத்தம் ஏற்றினால் குழந்தை ஓடியாடி விளையாடுகிறது, பள்ளிக்கூடம் போகிறது, முகத்து எலும்பும் புடைப்பதில்லை. பெற்றோருக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்கு நடுவில்தான் இரும்பு புகுந்துகொள்கிறது.

ஒரு பையில் எவ்வளவு?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நன்றாக வளர்ந்த ஒரு மனிதனின் உடம்பு முழுவதிலும் இருக்கும் இரும்பு 3 அல்லது 4 கிராம்தான். ஒரு சிறிய ஆணி செய்யக் காணும். நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்ளும் இரும்பு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம். உதிரும் தோல், குடலின் உட்பரப்பில் உதிரும் அணுக்கள் முதலியவற்றோடு வெளியே போவதும் ஏறக்குறைய அதே அளவுதான். வரவுக்கும் செலவுக்கும் சரியாகப் போகிறது.

இப்போது ரத்தப் பையைப் பாருங்கள். ஒரு பை ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு பை என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 17 பை. குறைந்த கணக்காகப் பைக்கு 200 மில்லிகிராம் என்றாலும் மொத்தம் 3,400 மில்லிகிராம். அதாவது, முழு மனிதனின் உடம்பில் ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய இரும்பு, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு குழந்தைக்குள் ஒரே வருஷத்தில் புதிதாக வந்து சேர்கிறது! அடுத்த வருஷம் இன்னும் அவ்வளவு. அதற்கடுத்த வருஷம் இன்னும் அவ்வளவு.

'அதிகமானால் சிறுநீரோடு போய்விடாதா?' என்று கேட்பீர்கள். உப்பு அதிகமானால் போகிறது. சர்க்கரை அதிகமானாலும் போகிறது. இரும்பு மட்டும் போகாது. மனித குலம் வரலாறு நெடுக இரும்புக்குத் திண்டாடித்தான் வாழ்ந்திருக்கிறது போலிருக்கிறது. கிடைத்ததைப் பத்திரப்படுத்தத்தான் உடம்புக்குத் தெரியும். வேண்டாததை வெளியே தள்ள ஒரு வாசல் வைத்துக்கொள்ளவில்லை.

உள்ளே வந்த இரும்பை ரத்தத்தில் சுமந்து செல்லும் புரதம் ஒன்று உண்டு. அந்த வண்டிகள் எல்லாம் நிரம்பிய பிறகு இரும்பு கேட்பாரற்றுச் சுற்றுகிறது. முதலில் ஈரலில் தங்கி அதைக் கெட்டிப்படுத்துகிறது. பிறகு சுரப்பிகள். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரியைப் பிடித்தால், பதினைந்து வயதாகியும் பெண் பெரியவளாகமாட்டாள், பையனுக்கு மீசை அரும்பாது, உயரமும் நின்றுவிடும். கணையத்தைப் பிடித்தால் நீரிழிவு. தைராய்டைப் பிடித்தால் சோர்வு. தோல் கறுத்துக்கொண்டே போகும். கடைசியாக இதயம்! அதன் துடிப்பு தாறுமாறாகிறது. சுருங்கி விரியும் சக்தி குறைகிறது. ரத்தம் ஏற்றியும் இருபது வயதுக்குள் இந்தப் பிள்ளைகள் பலர் மாண்டதற்கு அந்தக் காலத்தில் இதுவே முக்கிய காரணம்.

இதில் மிகவும் பொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இரும்பு சேரும்போது வலிக்காது. காய்ச்சல் வராது. 'இன்று கொஞ்சம் கூடிவிட்டது' என்று உடம்பு சொல்லாது. ரத்தம் குறைந்தால் குழந்தை சோர்ந்து விழும்; தாய் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். இரும்பு கூடினாலோ, பத்து வருஷம் கழித்துத்தான் தெரியும்.

நண்டின் கொடுக்கு

இரும்பை வெளியேற்றும் சிகிச்சைக்கு டாக்டர்கள் 'கீலேஷன்' என்று பெயர் சொல்கிறார்கள். அந்தச் சொல்லும் கிரேக்கத்திலிருந்து வந்ததுதான். 'கீலே' என்றால் நண்டின் கொடுக்கு! நண்டு தன் கொடுக்கால் எதையாவது கவ்வினால் விடுமா? மீமிசல் கடற்கரையில் விளையாடும் எந்தச் சிறுவனையும் கேளுங்கள், விரலைக் காட்டிச் சொல்வான். இந்த மருந்துகளும் அப்படித்தான். ரத்தத்திலும் அவயவங்களிலும் உள்ள வேண்டாத இரும்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, சிறுநீர் வழியாகவோ மலத்தின் வழியாகவோ வெளியே போய்விடுகின்றன.

முதல் கொடுக்கு மண்ணிலிருந்து கிடைத்தது. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்விட்ஜர்லாந்து ஆராய்ச்சியாளர்கள், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் தனக்கு வேண்டிய இரும்பைச் சுற்றுப்புறத்திலிருந்து கவ்வி இழுக்க ஒரு பொருளைச் சுரப்பதைக் கண்டார்கள். அதிலிருந்து பிறந்தது டெஸ்பெராக்ஸமைன் என்ற மருந்து. நல்ல மருந்து. ஆனால், வாயால் சாப்பிட்டால் பலிக்காது. ஊசியில் போட்டாலோ வெகு சீக்கிரம் உடம்பை விட்டுப் போய்விடுகிறது. எனவே சொட்டுச் சொட்டாக நெடுநேரம் ஏற்ற வேண்டும். 1970-களில் இதற்கென்று இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறிய பம்பு வந்தது. வயிற்றுத் தோலில் ஊசியைக் குத்திப் பம்பை ஓடவிட்டுக் குழந்தையைத் தூங்க வைக்க வேண்டும். இரவு 8 மணி முதல் 12 மணி நேரம் வரை ஏறும். வாரத்தில் ஐந்து இரவுகளுக்குக் குறையாமல்!

பெற்ற குழந்தையின் வயிற்றில் ஒவ்வோர் இரவும் தன் கையாலேயே ஊசி குத்தும் தாயை நினைத்துப் பாருங்கள். மருந்தின் விலையும் சாமானியர்களுக்கு எட்டாததாக இருந்தது. ரத்தம் ஏற்றிக்கொண்டு இரும்பை மட்டும் விட்டுவிட்ட குடும்பங்கள் எத்தனையோ.

இரண்டாவது கொடுக்கு, வாயால் சாப்பிடும் மாத்திரை: டெபெரிப்ரோன். இங்கிலாந்தில் 1980-களில் உருவாக்கப்பட்ட இந்த மருந்துக்கு உலகிலேயே முதன்முதலாக விற்பனை அனுமதி கொடுத்த நாடு எது தெரியுமா? நம் இந்தியாதான். 1990-களின் நடுவில் பம்பாய் சிப்லா கம்பெனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கா அனுமதித்தது 2011-ல். இதயத்தில் சேர்ந்த இரும்பை எடுப்பதில் இந்த மருந்து கெட்டிக்காரன். நாளுக்கு மூன்று வேளை சாப்பிட வேண்டும். சிறுநீர் செம்மண் நிறத்தில் போகும். அது கவ்விய இரும்பின் நிறம், பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது வேறொன்று. சிலருக்கு இது வெள்ளை அணுக்களைத் திடீரென்று குறைத்துவிடும். அதனால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

மூன்றாவது கொடுக்கு டெபெரசிராக்ஸ். 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, பிறகு இந்தியாவிலும் வந்தது. நாளுக்கு ஒரு வேளை போதும். தண்ணீரில் கரைக்கும் வகை மாத்திரையைக் கடிக்கவோ விழுங்கவோ கூடாது. ஒரு டம்ளர் தண்ணீரிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ நன்றாகக் கலக்கி, வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன்பு, தினமும் ஒரே நேரத்தில் குடிக்க வேண்டும். டம்ளரின் அடியில் தங்கியதையும் மறுபடி தண்ணீர் விட்டு அலசிக் குடிக்க வேண்டும். சிறுநீரகமும் ஈரலும் சரியாக இருக்கின்றனவா என்று மாதா மாதம் பார்த்துக்கொள்ள வேண்டும். வாந்தி, பேதி கண்டு உடம்பில் நீர் வற்றினால், டாக்டரைக் கேட்காமல் அடுத்த வேளை மருந்து கொடுக்கக் கூடாது.

எந்தக் குழந்தைக்கு எந்தக் கொடுக்கு, எவ்வளவு, ஒன்றா இரண்டா என்பதெல்லாம் எடைக்கும் பரிசோதனைக்கும் தக்கபடி டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை. அடுத்த வீட்டுப் பையனின் மருந்தை வாங்கிக் கொடுக்கும் வேலை இதில் உதவாது. சாதாரணமாக, பத்து முதல் இருபது தடவை ரத்தம் ஏற்றிய பிறகு, குழந்தைக்கு இரண்டு வயது தாண்டியதும் இந்தச் சிகிச்சை தொடங்குகிறது.

மருந்தை நிறுத்தும் வயது

மாத்திரை வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்கிறீர்களா? கவலை பதின்மூன்று, பதினான்கு வயதில் வருகிறது.

சிறு வயதில் அம்மா ஊட்டிய மருந்தைப் பிள்ளை மறுக்காமல் குடித்தான். வளர்ந்தவுடன், "எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே! எதற்கு இது?" என்கிறான். சிநேகிதர்கள் முன்னால் மாத்திரை கரைக்கக் கூச்சம். விடுதியில் சேர்ந்தால் கேட்பாரில்லை. ஒரு நாள் விடுகிறான், ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் விடுகிறான். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வருஷம் விட்டாலும் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே இதயத்தில் மட்டும் கணக்கு ஏறிக்கொண்டிருக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1994-ல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்' ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. ஊசி மருந்தை வருஷக் கணக்கில் எடுத்துக்கொண்டவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆராய்ச்சி அது. உடம்பில் இரும்பின் இருப்பைக் காட்டும் 'பெரிட்டின்' அளவு பெரும்பாலும் 2,500-க்குக் கீழேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டவர்களில், 15 ஆண்டுகள் சிகிச்சைக்குப் பிறகு இதய நோய் இல்லாமல் உயிரோடு இருப்போர் நூற்றுக்கு 91 பேர் என்று கணக்கிட்டார்கள். அந்த அளவு பெரும்பாலும் 2,500-க்கு மேலேயே நின்றவர்களில்? நூற்றுக்கு 18 பேர்! நோய் ஒன்றுதான், ஏற்றிய ரத்தமும் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான். வித்தியாசம், இரும்பை அடக்கி வைத்ததிலும் வைக்காததிலும் இருந்தது.

ஆகவே, இந்தப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டும். பால் கணக்கு, மளிகைக் கணக்குப் போல இதுவும் ஒரு கணக்கு. என்றைக்கு ரத்தம் ஏற்றியது, எவ்வளவு, ஏற்றும் முன் ஹீமோகுளோபின் எவ்வளவு என்பது ஒரு பக்கம். தினமும் மருந்து சாப்பிட்டாயிற்றா என்பது மறுபக்கம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெரிட்டின். அது 1,000-க்குப் பக்கத்தில் நிற்பது நல்லது. 2,500-ஐத் தாண்டி நின்றால் அபாயச் சங்கு. காய்ச்சலோ ஈரல் கோளாறோ இருந்தாலும் பெரிட்டின் ஏறிக் காட்டும் என்பதால், ஒரே ஒரு எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம். போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

எட்டு, பத்து வயதிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை காந்தப் படம், அதாவது எம்.ஆர்.ஐ., எடுத்துப் பார்ப்பது உத்தமம். ஈரலிலும் இதயத்திலும் எவ்வளவு இரும்பு படிந்திருக்கிறது என்பதைக் கத்தி வைக்காமலே அது காட்டிக் கொடுத்துவிடும். பெரிட்டின் சுமாராக இருந்தும் இதயத்தில் இரும்பு படிந்திருக்கக் கூடும். அதோடு வருஷம் ஒரு முறை கண், காது, சர்க்கரை, தைராய்டு, வளர்ச்சி எல்லாம் பார்க்க வேண்டும்.

பத்து வயதானதும் அந்த நோட்டைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். தன் கணக்கைத் தானே எழுதும் பையன், பதினாறு வயதில் அதைத் தூக்கி எறிவது அபூர்வம்.

அப்பத்தாவுக்கு ஒரு வார்த்தை

மறுபடியும் திண்ணைக்கு வருவோம். முருங்கைக் கீரையையும் சுவரொட்டியையும் இந்தக் குழந்தைக்கு என்ன செய்வது?

ஈரல், சுவரொட்டி, ரத்தப் பொரியல் ஆகியவற்றை விலக்குவது நல்லது. இரும்பு டானிக், 'ரத்தம் ஊறும்' லேகியம் இவற்றை அறவே விலக்க வேண்டும். பள்ளிக்கூடங்களில் வாரம் ஒரு முறை பிள்ளைகளுக்கு இரும்பு மாத்திரை கொடுக்கிறார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அது வரப்பிரசாதம். இந்தப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம் என்று டாக்டரிடம் சீட்டு வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

கீரை, மீன் விஷயத்தில் ரொம்பவும் நெருக்க வேண்டாம். முன்பு போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். சாப்பாட்டில் வருவது மில்லிகிராம் ஒன்று, இரண்டு. ரத்தத்தில் வருவது நூற்றுக் கணக்கில். கீரையை நிறுத்திவிட்டு மருந்தையும் மறந்துவிட்டால், சில்லறையைப் பூட்டி வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து போட்ட கதையாகும். சாப்பாட்டோடு பால் கலக்காத கடுந்தேநீர் குடித்தால் இரும்பு உடம்பில் சேர்வது சற்றுக் குறையும். வைட்டமின் 'சி' மாத்திரையை டாக்டர் சொன்னாலொழியத் தொடக் கூடாது. அது இரும்பைக் கிளப்பிவிடும்.

காய்ச்சல் வந்தால் மட்டும் ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது. மருந்தை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காரணம் இருக்கிறது. இரும்பு நிறைந்த உடம்பு கிருமிகளுக்கு விருந்து மண்டபம். சில கிருமிகள் அந்த ஊசி மருந்தின் கொடுக்கையே இரவல் வாங்கி இரும்பைத் தின்று கொழுக்கும். மாத்திரைக்காரருக்கோ வெள்ளை அணு குறைந்திருக்கலாம். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: காலில் வெட்டுக் காயத்தோடு உப்பு நீரில் இறங்க விடாதீர்கள், நண்டோ சிப்பியோ நன்றாக வேகாமல் கொடுக்காதீர்கள். கடல் நீரில் வாழும் சில கிருமிகளுக்கு இரும்பு மிகுந்த உடம்பு என்றால் கொள்ளை ஆசை.

இங்கே மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு, 'இரும்பு மாத்திரை ஆபத்தாமே!' என்று யாரும் கர்ப்பிணிப் பெண்ணின் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது அவர்களுக்கு அவசியமான மருந்து. மாத்திரை பல மாதம் சாப்பிட்டும் ரத்தம் ஏறாதவர்கள், என்ன காரணம் என்று பரிசோதித்துக்கொண்டால் போதும்.

தலசீமியா மட்டுமா?

அல்ல. அடிக்கடி ரத்தம் ஏற்றும் எல்லோருக்கும் இந்த இரும்புக் கணக்கு உண்டு. மஜ்ஜை வற்றிப் போகும் நோய் உள்ளவர்கள், வயதான காலத்தில் மஜ்ஜை தடம் புரண்டு ரத்தம் ஊறாமல் போனவர்கள், அரிவாள் வடிவச் சிவப்பணு நோய் உள்ளவர்கள் எல்லோரும் இதில் சேர்த்தி. அரிவாள் அணு இந்தியாவில் முதலில் தென்பட்டது எங்கே தெரியுமா? 1952-ல், நம் நீலகிரி ஆதிவாசி மக்களிடம்தான். ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், "இதுவரை எத்தனை பை ஏற்றியிருக்கிறது? பெரிட்டின் பார்க்க வேண்டுமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதில் குற்றம் இல்லை.

தலசீமியாவை அடியோடு குணப்படுத்தும் வழியும் உண்டு. அது எலும்பு மஜ்ஜை மாற்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 1986-ல் தலசீமியாக் குழந்தை ஒன்றுக்கு இந்தச் சிகிச்சையைத் தொடங்கி வைத்தார்கள். உடன் பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தினால் சிலாக்கியம். ஓர் உடன்பிறப்பு பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இந்தச் சிகிச்சைக்குப் போகும் குழந்தைக்கும் இரும்புக் கணக்குதான் முக்கியம். ஈரல் கெடாமல் இருந்தால் சிகிச்சை வெற்றி பெறும் வாய்ப்பு அதிகம். இதற்கு 10 லட்சம் ரூபாய் வரை உதவும் திட்டம் ஒன்றைக் கோல் இந்தியா நிறுவனம் 2017-ல் தொடங்கியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியாவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்குரிய சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

வரும் முன் காப்பது எல்லாவற்றிலும் மேல். குறையைப் பாதி சுமப்பவர்கள் நோயாளிகள் அல்லர்; அவர்களுக்குத் தெரியவே தெரியாது. அத்தகைய ஆணும் பெண்ணும் மணந்தால்தான், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்கு முழு நோய் வர. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்திலேயே கொண்டு கொடுக்கும் நம் பக்கத்தில், இருவருக்கும் ஒரே பாட்டியின் குறை வந்திருக்க வாய்ப்பு அதிகம். கல்யாணத்துக்கு முன்போ, கர்ப்பத்தின் தொடக்கத்திலோ, 'ஹீமோகுளோபின் ஏ-2' என்ற ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை பார்த்தால் தெரிந்துவிடும். சைப்ரஸ் தீவில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் பாதிக் குறை சுமப்பவர். 1970-களிலிருந்து அங்கே பரிசோதனையைப் பரப்பினார்கள். கல்யாணத்துக்கு வருபவர்களிடம் மாதா கோயிலே பரிசோதனைச் சீட்டைக் கேட்டது. நோயோடு பிறக்கும் குழந்தைகள் அநேகமாக இல்லையென்றே ஆகிவிட்டது. நம் நாட்டிலோ வருஷத்துக்கு 10,000 முதல் 15,000 குழந்தைகள் இந்த நோயோடு பிறப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஜாதகம் பார்க்கிற நாம் இந்த ஒரு பொருத்தத்தையும் பார்த்துவிட்டால் என்ன?

ஏற்கெனவே பிறந்துவிட்ட பிள்ளைகள் நம் கையில் இருக்கிறார்கள். மீமிசல் போன்ற ஊரிலிருந்து ரத்தம் ஏற்றப் புறப்படும் தாய், ஆவுடையார்கோயில், அறந்தாங்கி தாண்டிப் புதுக்கோட்டைக்கோ, அதற்கும் அப்பாலோ போய்த் திரும்புவதற்குள் ஒரு நாள் முழுசாகப் போய்விடும். அவ்வளவு பாடுபட்டு ஏற்றிய ரத்தம் மூன்று வாரத்துக்குத் தாங்கும். அதோடு வந்த இரும்பு, எடுத்தாலன்றிப் போகாது.

ரத்தம் கொடுக்க ஊரில் நாலு பேர் முன்வருவார்கள். அது பெரிய புண்ணியம். இரும்பை எடுப்பதற்கு ஊரார் யாரும் வர முடியாது. அது வீட்டார் தினமும் செய்ய வேண்டிய காரியம். உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், "எப்போது ரத்தம் ஏற்றினார்கள்?" என்று விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். "இன்றைக்கு மாத்திரை சாப்பிட்டாயா, தம்பி?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.